சிங்கம் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2024 ஆகஸ்டில் நாங்கள் மூன்று தம்பதிகள், ஆறு பேர், கென்யா போய் வந்தோம். அதிலிருந்து போனில் ஒரே விசாரணை. "எவ்வளவு செலவாச்சு? சாப்பாடு கிடைச்சுதா? சிங்கம் கிட்டே வந்துச்சா?" ஆளுக்கு ஒருமுறை சொல்லி வாய் வலித்துவிட்டது. மொத்தமாக மேடையில் சொல்லிவிடு என்று செயலாளர் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். வகுப்பில் பதினைந்து நிமிடம் சேர்ந்தாற்போல் வாய் திறந்தறியாதவன் நான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊசி விஷயம். இதைச் சொல்லாமல் சிங்கத்துக்குப் போக மாட்டேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி என்று ஒன்று இருக்கிறது. இந்தியாவிலிருந்து நேரே போகிறவர்களிடம் கென்யாக்காரர் அதைக் கேட்பதில்லை. திரும்பி வரும்போது கேட்பது நம்ம ஊர் ஆட்கள். இந்த வித்தியாசம் புரியாமல்தான் எங்களில் ஒருவர் மாட்டினார். டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட், "அங்கே யாரும் கேக்க மாட்டாங்க சார், நிம்மதியாப் போங்க" என்றார். சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. இறங்கியபோது இந்திய விமான நிலையத்தில் சான்றிதழ் கேட்டார்கள். இல்லை. ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம் என்பது விதி, வைத்தார்கள். அந்த வாரம் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். அப்பா இல்லாமலே தட்டு மாற்றினார்கள். அந்தப் பெண் இன்னும் என்னோடும் சரியாகப் பேசுவதில்லை, கூட்டிக்கொண்டு போனவன் நான் என்பதால்.

ஆகவே சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். 2016 முதல் ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். ஆனால் நம் வயதுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறுபது தாண்டி முதன்முறையாக இந்த ஊசி போடுகிறவர்களுக்கு, அபூர்வமாக என்றாலும், கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஆகாது. ஆகவே டிக்கெட் வாங்கும் முன்பே உங்கள் டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். வாங்கிய பிறகு பேசினால் மனசு டிக்கெட் பக்கம்தான் சாயும்.

அடுத்தது மலேரியா. இது என் வீட்டுக் கதை. எங்கள் டாக்டர் டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். புறப்பட ஒன்றிரண்டு நாள் முன்பே ஆரம்பித்து, அங்கே இருக்கும் நாளெல்லாம் தினம் ஒன்று, திரும்பி வந்தபின் நான்கு வாரம். கடைசி நான்கு வாரம்தான் முக்கியம் என்று அழுத்திச் சொன்னார். என் மனைவிக்கு அந்த மாத்திரை வயிற்றைப் புரட்டியது. வீடு வந்து மூன்றாம் நாள், "அதான் வந்தாச்சே" என்று டப்பாவை மூடி வைத்துவிட்டாள். நானும் சும்மா இருந்தேன்.

மூன்றாவது வாரம் குளிர் காய்ச்சல். தெருமுனை டாக்டர் சீதோஷ்ணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை, எங்கே போய் வந்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி அவள் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தாள். செத்துப் போன என் அம்மாவைக் கூப்பிட்டு, "அத்தை, கதவைச் சாத்துங்க, கழுதைப்புலி வருது" என்கிறாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டியூட்டியில் இருந்த சின்னப் பெண் டாக்டர், நம் பேத்தி வயது, முதல் கேள்வியே "சமீபத்துல வெளியூர், வெளிநாடு போனீங்களா?" கென்யா என்றதும் எழுந்து நின்றுவிட்டது. ரத்தத்தில் ஃபால்சிபாரம் மலேரியா. மூளையைத் தாக்கும் ரகம். நான்கு நாள் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தேன். அந்த நான்கு நாளில் நான் பார்த்த சிங்கம், யானை ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார்கள். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, இதையெல்லாம் எதற்கு மேடையில் சொல்கிறாய் என்று முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்று மாத்திரை உண்டு. அட்டோவாகோன்-புரோகுவானில் என்று பெயர், விலை அதிகம், ஆனால் வந்தபின் ஏழு நாள் போதும். டாக்டரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். திரும்பிய பிறகு சில மாதம் வரை காய்ச்சல் எது வந்தாலும், டாக்டர் கேட்காவிட்டாலும், "ஆப்பிரிக்கா போயிருந்தேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இனி சந்தோஷமான சமாச்சாரம்.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் கொளுத்தும் என்று நினைத்துப் பருத்திச் சட்டையாக அடுக்கிக்கொண்டு போகாதீர்கள். நைரோபி நம்ம குன்னூர் உயரம். பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே இருப்பதால் ஜூலை, ஆகஸ்டில் அங்கே குளிர்காலம். விடியற்காலை ஆறு மணிக்குக் கூரை திறந்த ஜீப்பில் நின்றுகொண்டு போனால் பல் தந்தியடிக்கும். மங்கி கேப், ஸ்வெட்டர் கட்டாயம். பத்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். துணி காக்கி, பழுப்பு நிறத்தில் இருக்கட்டும். கருநீலமும் கறுப்பும் வேண்டாம். செட்ஸி என்ற கடிக்கிற ஈ அந்த நிறங்களைத் தேடி வரும்; அந்த ஈயைப் பிடிக்க வைக்கும் பொறியே நீலத் துணியில்தான் செய்கிறார்கள். தான்சானியாவில் செரெங்கெட்டி, தரங்கிரே போகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. பட்டாளத்துக்காரர் போடும் பச்சைப் புள்ளி உடையும் வேண்டாம். பல ஆப்பிரிக்க நாடுகளில் அது சட்டவிரோதம்.

நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறிய விமானத்தில் மாரா போவதானால் ஆளுக்குப் பதினைந்து கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய துணிப் பையில். நம்ம ஊர்க் கட்டி சூட்கேஸ் நுழையாது. பிளாஸ்டிக் பையும் கூடாது. கென்யா 2017-லேயே தடை செய்துவிட்டது. என் மனைவி பருப்புப்பொடியை ஜவுளிக்கடை கவரில் கட்டியிருந்தாள். புறப்படுமுன் பார்த்து எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றினோம்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். குஜராத்திகள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் நாடு. சப்பாத்தி, சாய் எல்லாம் சுவாஹிலி மொழியிலேயே கலந்துவிட்ட சொற்கள். உகாலி என்ற மக்காச்சோளக் களியும், சுகுமா விக்கி என்ற கீரைப் பொரியலும் எனக்கு எங்க ஆச்சி வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருந்தது. கூட வந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

2024 ஜனவரி முதல் கென்யாவுக்கு விசா கிடையாது. அதற்குப் பதில் முன்கூட்டியே ஆன்லைனில் அனுமதி வாங்க வேண்டும். டாலர் நோட்டு புதிதாக இருக்கட்டும். 2006-க்கு முன் அச்சிட்டது, மடிந்தது, பேனாக் கிறுக்கல் உள்ளது என்றால் கையில் திருப்பித் தந்துவிடுவார்கள். மாரா காப்பகத்துக்கு வெளிநாட்டவர் கட்டணம் 2024 ஜூலையிலிருந்து வருடத்தின் முதல் பாதியில் நாளுக்கு 100 டாலர், பின்பாதியில் 200. கம்பெனிக்காரர் சொல்லும் தொகையில் இது சேர்த்தியா என்று எழுத்தில் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது காட்டிலிருந்து விமானத்தில் நைரோபி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரும் செலவு அதில் உண்டா என்றும் பாருங்கள். ஜீப்பில் ஆளுக்கு ஒரு ஜன்னல் கிடைக்க வேண்டும். நடுவில் உட்கார்ந்தவர் பார்ப்பது பக்கத்து ஆளின் காதைத்தான். டிரைவருக்குத் தலைக்கு நாளொன்றுக்குப் பத்து டாலர் கணக்கில் கடைசி நாள் கொடுத்தோம்.

டென்ட் என்றால் பயப்படாதீர்கள், உள்ளேயே குளியலறை இருக்கிறது. ராத்திரி படுக்கைக்குள் கால் நீட்டிய என் மனைவி "ஐயோ, ஏதோ உயிரோட இருக்கு!" என்று அலறினாள். குளிருக்காக வைத்த வெந்நீர்ப் பை. ஆனால் வேலி கிடையாது. இருட்டிய பின் சாப்பிடப் போக, வர, காவலர் வருவார், அவரை அஸ்காரி என்பார்கள். பத்தடிதானே என்று தனியாகப் போக வேண்டாம். நீர்யானை ராத்திரிதான் கரையேறிப் புல் மேயும்.

காட்டுக்குள் ஜீப்பைவிட்டு இறங்கவே கூடாது. வில்டபீஸ்ட் மந்தை மாரா ஆற்றைத் தாண்டுவதைப் பார்க்கத்தான் ஜூலை முதல் அக்டோபர் வரை கூட்டம் குவிகிறது. நாங்கள் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். ஆயிரக்கணக்கில் கரை வரை வந்தன, தண்ணீரை முகர்ந்தன, திரும்பிப் போய்விட்டன. மறுநாள் வேறு இடத்தில் தாண்டின. அதற்குள் பக்கத்து வண்டிக்காரர்கள் தங்கள் டிரைவரைத் திட்டி, இன்னும் முன்னே போ, முன்னே போ என்று விரட்டியதில், மந்தை இறங்கும் வழியையே மறித்துவிட்டார்கள். இந்த வெட்கக்கேடு நம்மால் நேரக்கூடாது. "போலே போலே" என்றால் சுவாஹிலியில் மெல்ல மெல்ல. டிரைவரிடம் முதல் நாளே அதைச் சொல்லிவிட்டோம். அன்றிலிருந்து அவர் எங்களுக்குக் காட்டியதெல்லாம் தனி. ஒரு சாணி வண்டு உருண்டையைத் தள்ளிப் போவதை அரைமணி நேரம் பார்த்தோம். விலங்கியல் படித்தவர்களுக்கு நான் என்ன சொன்னாலும் புரியும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று. நவம்பர் மழையிலும், ஏப்ரல், மே மழையிலும் தங்கும் செலவு வெகுவாகக் குறையும். சேறு இருக்கும், சிங்கமும் இருக்கும். நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு வண்டி எடுத்தால் கட்டுப்படியாகும். சம்பாதிக்க ஆரம்பித்த இரண்டாம் வருடமே போய்விடுங்கள், ஊசியும் அந்த வயதில் பயமில்லாமல் போடலாம்.

செயலாளர் மணி அடித்துவிட்டார். மருந்து, துணிமணி, காகிதங்களுக்கான பட்டியல் ஐம்பது பிரதி எடுத்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். என் பைனாகுலரையும் கொண்டுவந்திருக்கிறேன். போகிறவர்கள் இரவல் வாங்கிக்கொள்ளலாம், பெயரையும் தேதியையும் நோட்டில் எழுதிவிட்டு. 1977-ல் என்னிடம் லாக் டேபிள் வாங்கிப் போனவர் இந்த அரங்கில்தான் இருக்கிறார், இன்னும் திரும்பி வரவில்லை.