வேண்டாமென்று ஒதுக்கிய குளிசை
(சித்திரைப் புத்தாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நான் பேச்சாளர் இல்லை. ஊரில் ஏ.எல் மட்டும் படிச்சனான். இங்கிலாந்துக்கு வந்த நாள்தொட்டு சாப்பாட்டுப் பக்டரியில்தான் வேலை. நல்ல நாளில் வருத்தத்தைப் பற்றிக் கதைக்கலாமோ எண்டு சிலர் கேட்டினம். நல்ல நாளில்தானே நாங்கள் எல்லாரும் ஒரு மண்டபத்தில் கூடுகிறோம். அதனால்தான் கதைக்கிறன்.

என்ர சின்னம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. எட்டு மாதம் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். "பரம்பரை வருத்தமெண்டு சொல்லிப்போடுவினம் பிள்ளை" எண்டு பிறகு என்னட்டைச் சொல்லி அழுதா. ஒப்பரேசன் முடிந்ததும் ஐந்து வருசத்துக்கு ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார்கள். பெயர் ரமொக்சிபென். பெட்டிக்குள் இருந்த தாளை வாசிச்சுச் சொல்லுறது என்ர வேலை. அப்படித்தான் இந்தக் குளிசையின் கதையைத் தேடத் தொடங்கினேன்.

இது இந்த நாட்டிலேயே பிறந்த மருந்து. 1962இல் ஐ.சி.ஐ என்ற கம்பனியின் ஆய்வுகூடத்தில் டோறா ரிச்சேட்சன் என்ற பெண் இரசாயனவியலாளர் இதை உருவாக்கினார். நோக்கம் புற்றுநோய் அல்ல, கர்ப்பத்தடை. எலிகளில் வேலை செய்தது, பெண்களில் செய்யவில்லை. மாறாக, முட்டை வெளிவருவதைத் தூண்டியது! எங்கட பக்டரியில் ஒரு சாமான் பிழைச்சால் 'ரிஜெக்ற்' தொட்டிக்குள் போகும். இதுவும் அப்படிப் போகவேண்டியதுதான்.

ஆனால் அந்தக் குழுவின் தலைவர் ஆதர் வோல்போல் இதைக் கைவிடவில்லை. 1971இல் மான்செஸ்ரர் கிறிஸ்ரி மருத்துவமனையில், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள 46 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்ததன் முடிவு வெளிவந்தது. பத்துப் பேருக்கு நல்ல குணம் தெரிந்தது. 1973இல் இந்த நாட்டில் அனுமதியும் கிடைத்தது.

இங்கேதான் கிரேக் ஜோர்டன் வருகிறார். 1947இல் அமெரிக்காவில் ரெக்சாஸில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். சின்னனில் படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கி, யன்னல் சீலையில் நெருப்புப் பிடிக்கவைத்தவராம். தாய் தடுக்கவில்லை. (பிள்ளைகளே, நீங்கள் வீட்டில் செய்துபார்க்க வேண்டாம்!) லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்ததே இப்படிப் பிழைச்சுப்போன கர்ப்பத்தடை மருந்துகளைத்தான்.

அவர் விளங்கப்படுத்தியது இதுதான். பல மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் ஒரு பூட்டு இருக்கிறது. ஈஸ்ரஜென் என்ற ஹோர்மோன் அதற்குத் திறப்பு. திறந்தால் கட்டி வளரும். ரமொக்சிபென் அந்தத் துவாரத்துக்குள் போய் நிற்கும். திறக்காது, மற்றத் திறப்பையும் உள்ளே விடாது. பூட்டு இல்லாத கட்டிக்கு இந்தக் குளிசையால் பலனில்லை. அதனால்தான் வைத்தியர்கள் முதலில் கட்டியைச் சோதிக்கிறார்கள்.

இன்னொன்றையும் எலிகளில் கண்டார். கொஞ்சக் காலம் கொடுத்தால் கட்டி பிந்தி வந்தது. தொடர்ந்து கொடுத்தால் பெரும்பாலானவற்றுக்கு வரவேயில்லை. சின்னம்மா ஐந்து வருசம் குளிசை போட்டதற்கு வேர் அங்கேதான். பிறகு அமெரிக்காவில் 13,388 பெண்களை வைத்து நடந்த பரிசோதனையில், வருத்தம் வரக்கூடிய ஆபத்து உள்ளவர்களுக்கு இது வருவதைப் பாதியளவு குறைத்தது என்று 1998இல் தெரிந்தது.

நல்லதை மட்டும் சொன்னால் பிழை. இந்தக் குளிசையால் உடம்பு கொதிக்கும், இரத்தம் கட்டிபடலாம், கருப்பைப் புற்றுநோய் ஆபத்தும் சிறிது கூடும். அந்தக் கருப்பை ஆபத்தை 1980களிலேயே எலிகளில் காட்டி எச்சரித்ததும் ஜோர்டனின் ஆய்வுகூடம்தான். தான் வளர்த்த மருந்தின் குறையைத் தானே சொன்ன மனிதர். கடைசியில் தானும் சிறுநீரகப் புற்றுநோயோடு வாழ்ந்துகொண்டே ஆராய்ச்சி செய்தார். 2024 ஜூன் மாதம் காலமானார்.

ஒரு கம்பனிக்கு உதவாத மருந்து இலட்சக்கணக்கான பெண்களைக் காப்பாற்றியது. ஆனால் எந்த மருந்தும் நாங்கள் வாயைத் திறந்தால்தான் எங்களிடம் வரும். சின்னம்மா ஒளிச்ச எட்டு மாதத்துக்கு எந்த விஞ்ஞானியும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.

தாய்மாரே, இங்கிலாந்தில் 50 வயதிலிருந்து 71 வயதுவரை மூன்று வருசத்துக்கு ஒருக்கால் மார்பகப் பரிசோதனைக்குக் கடிதம் வரும். அதை அலுமாரிக்குள் வைக்காதையுங்கோ. கட்டி தெரிந்தால், வயது எதுவானாலும், கடிதத்துக்குக் காத்திராமல் டொக்டரிடம் போங்கோ. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயே இல்லை. பெண் டொக்டரைக் கேட்கலாம். மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம், மகனைக் கூட்டிப்போய் வெட்கப்படத் தேவையில்லை. அண்ணன்மாரே, கலியாணம் பேசும்போது வருத்தத்தைக் குற்றமாக விசாரிக்காதையுங்கோ. அந்தப் பயத்தில்தான் எங்கட பெண்கள் ஒளிக்கினம்.

சின்னம்மாவின் ஐந்து வருசம் போன மாசியோடு முடிந்தது. மகளும் கலியாணம் முடித்துவிட்டாள். இதையெல்லாம் அவவின் சம்மதத்தோடுதான் சொன்னேன். இண்டைக்கு இந்த மண்டபத்தில் நீங்கள் சாப்பிட்ட பயற்றம் பணியாரம் அவ சுட்டதுதான்.