பிட்டை வீசிவிடாதீர்கள்

வில்லியனூர் பக்கமோ பாகூர் பக்கமோ, இன்று எந்தத் தச்சுப் பட்டறைக்குப் போனாலும் ரூட்டர் ஓடும் சத்தம் கேட்கிறது. நிலைக்குக் காடி எடுப்பது, கதவுச் சட்டத்துக்கு மோல்டிங் ஓட்டுவது என்று தாத்தா காலத்தில் வகைக்கொரு இழைப்புளி செய்த வேலையை இன்று ரூட்டரில் மாட்டும் விரலளவு பிட் செய்கிறது. மெஷினைத் துடைத்து மூடி வைக்கிறோம். பிட்டை மட்டும் கருகும் வரை ஓட்டிவிட்டுக் குப்பையில் போடுகிறோம். எனக்கு அது பொறுப்பதில்லை.

பாகூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு தம்பி பட்டறை வைத்திருக்கிறார். "அண்ணே, பிட்டு போச்சு, தேக்கு கருகுது" என்று கொண்டுவந்து காட்டினார். முனையில் பழுது ஒன்றுமில்லை. அதை ஒட்டி மரப்பிசின் பழுப்பாக இறுகியிருந்தது. பிசின் ஏறினால் முனை வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் இன்னும் பிசின். பிட்டிலுள்ள பேரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, பிட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தோம். அதே பிட் மறுபடி சுருள் சுருளாகச் சீவியது. பேரிங்கை மட்டும் ஊறவைக்காதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்துவிடும்.

சுத்தம் செய்தும் கருகினால்தான் முனை மழுங்கியிருக்கிறது என்று பொருள். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா உண்டு. கைக்கு வழவழப்பு, முனைக்கு அது உப்புத்தாள். முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மழுங்கிய முனையில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். கூரான முனையில் எதுவும் தெரியாது.

எனக்கு இந்தத் தொழிலிலேயே பிடித்த வேலை முனை தீட்டுவதுதான். டங்ஸ்டன் கார்பைடு முனையைச் சாதாரணச் சாணைக்கல் தொடாது. வைரத்தூள் பதித்த தட்டு வேண்டும். தட்டில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, பிட்டின் உள்பக்கத் தட்டை முகத்தை மட்டும் அப்படியே படியவைத்து இழுங்கள். வளைவான வெளிப்பக்கத்தைத் தொட்டால் மோல்டிங்கின் வடிவமே மாறிவிடும். பிட்டின் இரண்டு வெட்டும் அலகில் ஒன்றை எத்தனை முறை இழுத்தீர்களோ, மற்றதையும் அத்தனை முறை இழுக்க வேண்டும். நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழலும் பொருள் இது. ஓர் அலகு குறைந்தால் மெஷினே உதறும். அந்த வெள்ளைக் கோடு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். இளைஞர்களே, மூக்கில் மாஸ்க் கட்டாயம். கார்பைடில் கலந்திருக்கும் கோபால்ட் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பிட்டை மாற்றியமைக்கவும் வழியுண்டு. 32 மில்லிமீட்டர் பிட்டில் 12 மில்லிமீட்டர் பேரிங் போட்டால் காடி 10 மில்லிமீட்டர் ஆழம். பேரிங்கை 16 ஆக்கினால் 8. புது பிட் வாங்கவே வேண்டாம். புதுவை நகரத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்து வீடொன்றின் ஜன்னலுக்கு, எந்தக் கடையிலும் கிடைக்காத வளைவு தேவைப்பட்டது. பழைய ஹை-ஸ்பீடு ஸ்டீல் பிட் ஒன்றின் இரண்டு அலகையும் சாணையில் ஒரே அளவாகத் தீட்டி அந்த வளைவை எடுத்தோம். கார்பைடு பிட்டில் இதைச் செய்யாதீர்கள். அதன் முனை பற்றவைத்து ஒட்டியது. சூடேறினால் பிடி விடும்.

நேரம் நெருங்குகிறது, இன்னும் இரண்டே சொல். பிட்டின் தண்டை, மெஷினில் அதைப் பிடிக்கும் கோலெட்டில் முட்டும் வரை நுழைத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் இழுத்தபிறகே முறுக்குங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் தண்டு துருப்பிடிக்கும். ஒரு சொட்டு மெஷின் ஆயில் தடவி வையுங்கள். பிசினை எடுங்கள், தட்டை முகத்தை மட்டும் தீட்டுங்கள், இரண்டு அலகையும் சமமாக வையுங்கள். நம் கொம்யூன் பட்டறைகளில் கருவியைப் பேணும் பழக்கம் தழைக்கட்டும். பட்டறைக்கு வரும் பிள்ளைகள் மெஷினை ஓட்டுவதோடு முனை தீட்டவும் கற்றுக்கொள்ளட்டும்.