பாட்டும் படமும் பயிலும் பருவம்

(ஆலயத் திருவிழாவையொட்டிப் பெற்றோர்க்கும் சமய வகுப்பு ஆசிரியர்களுக்கும் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

திருவிழா மேடையில் தேவாரம் பாடுவதற்குப் பிள்ளைகள் அணிவகுத்து நிற்கும் காட்சி இங்குள்ளோர் அனைவரும் கண்டதே. குரல்வளம் உடைய நால்வர் ஒலிவாங்கிக்கு அருகில் நிற்பர். ஏனையோர் பின்வரிசையில் நிற்பர். மேடையேறும் வேளையில், பின்வரிசைச் சிறுவன் ஒருவனிடம், "உனக்குக் குரல் சேரவில்லை, நீ வாயை மட்டும் அசைத்தால் போதும்" என்று யாரேனும் சொல்லிவிட்டுப் போவதும் உண்டு. சொன்னவர் அன்று மாலையே அதை மறந்துவிடுவார். நிகழ்ச்சியும் இனிதே முடிந்து கைதட்டல் எழும். ஆனால் ஏழு வயதில் அச்சொல்லைக் கேட்ட பிள்ளை, பேரப்பிள்ளை எடுத்த பின்னரும் கூட்டு வழிபாட்டில் வாய் திறவாமல் நிற்பதைக் காணலாம். பாடத் தெரியாது என்பது தம் பிறவிக் குறை என்றே அவர் நம்பியிருப்பார்.

இந்நம்பிக்கை பெரும்பாலும் பிழையானது. ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு எளிதாக வாய்க்கும் குரல் எல்லை ஏறக்குறைய ஐந்தாறு சுரங்களே. பெரியவர் ஒருவர் தம் குரலுக்கு ஏற்ற கட்டையில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு பாடும்போது, சில பிள்ளைகளுக்கு அக்கட்டை தாழ்ந்தும் சிலருக்கு உயர்ந்தும் அமைந்துவிடுகிறது. எட்டாத சுரத்தைப் பிள்ளை உறுமியோ கத்தியோ எட்ட முயல்கிறது. அதைக் கேட்டவர், "குரல் இல்லை" என்று தீர்ப்பளித்துவிடுகிறார். கட்டையை மாற்றிப் பார்க்கலாமே என்ற எண்ணம் அங்கு எழுவதில்லை!

பாட வராத பிள்ளைகள் என்று ஒதுக்கப்பட்டோரைப் பாட வைக்க வேண்டும் என்னும் இக்கவலை புதியதன்று. இங்கிலாந்தில் நாரிச் என்னும் ஊரில் சமயகுரு ஒருவரின் மகளாகப் பிறந்த சாரா குளோவர் (1786 - 1867) என்னும் அம்மையார், ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் வழிபாட்டுப் பாடல்களைத் தாமே பார்த்துப் பாட வேண்டும் என விரும்பினார். ஐந்து கோடுகளில் எழுதப்படும் மேலைநாட்டு இசைக்குறிகள் ஏழைப் பிள்ளைகளை மிரட்டின. எனவே, டோ, ரே, மீ என்னும் சுரப்பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டே பாட்டை எழுதிக் காட்டினார். 1835இல் அம்முறையை நூலாகவும் வெளியிட்டார். பின்னர், 1841இல் ஹல் நகரில் கூடிய ஞாயிற்றுப்பள்ளி ஆசிரியர் மாநாடு, இசை கற்பிக்க எளிய வழியொன்றைக் காணுமாறு ஜான் கர்வன் என்னும் இளம் சமயகுருவைக் கேட்டுக்கொண்டது. அவரோ இசை வல்லுநர் அல்லர். குளோவர் அம்மையாரின் நூலைக் கொண்டு முதலில் தாம் கற்றார். பிறகு பிறர்க்குக் கற்பித்தார். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சைகையையும் பிற்காலத்தில் சேர்த்தார்.

இவ்விருவரும் ஊன்றிய வித்து, ஹங்கேரி நாட்டில் சோல்தான் கோடாய் (1882 - 1967) என்னும் இசைமேதையின் கையில் மரமாயிற்று. அவர் 1905 முதல் சிற்றூர்தோறும் சென்று நாட்டுப்பாடல்களைத் திரட்டியவர். பெரும் இசையரங்குகளுக்கு இசை அமைத்தவரும் ஆவார். அத்தகையவர், 1925ஆம் ஆண்டளவில் பள்ளிப் பிள்ளைகள் பாடிய பாடல்களின் தரத்தைக் கண்டு வருந்தி, அவர்களுக்கென்றே பாடல்கள் இயற்றத் தொடங்கினார். இசைப்புலவர் ஒருவர் குழந்தைப் பாட்டில் இறங்குவது தகுதிக் குறைவு என்று எண்ணுவோர் எந்நாட்டிலும் உண்டு. கோடாய் அவ்வாறு எண்ணவில்லை. கர்வனின் கைச்சைகைகளை இங்கிலாந்திலிருந்து ஏற்றார். தம் நாட்டுப் பாடல்களைப் பாடப்பொருளாக வைத்தார். 1950இல் அவர் பிறந்த கெச்கெமேட் நகரில், நாள்தோறும் இசை கற்பிக்கும் தொடக்கப்பள்ளி ஒன்று திறக்கப்பெற்றது. 1964இல் புடாபெஸ்டில் கூடிய அனைத்துலக இசைக்கல்வி மாநாட்டுக்குப் பின் அம்முறை பல நாடுகளுக்கும் பரவிற்று. 2016இல் யுனெஸ்கோ நிறுவனம், மரபுக் கலைகளைக் காக்கும் நன்முறைகளின் பட்டியலில் அதனைச் சேர்த்துக்கொண்டது.

ஹங்கேரிக் கதை இவ்வாலய மண்டபத்துக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பிரான்சு, இத்தாலி போன்ற நாடுகளில் டோ என்பது மாறாத ஒரே ஒலி. கர்வனும் கோடாயும் ஆண்ட முறையிலோ, பாடுபவர் எங்குத் தொடங்குகிறாரோ அதுவே டோ. இதனைக் கேட்டவுடன் தமிழிசை அறிந்தோர் புன்னகை புரிவர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் எனச் சுரங்களுக்குப் பெயரிட்ட மரபில், ஆதார ஒலி பாடுவோரின் குரலுக்கேற்ப இடம் மாறுவதே இயல்பு. ஐரோப்பாவில் பலர் முயன்று எளிமைப்படுத்திய ஒன்று, இங்கே சுருதிப்பெட்டியைத் திறந்த அளவில் கைக்கு வருகிறது. ஆயினும் அப்பெட்டியைப் பிள்ளையின் குரலுக்கு ஏற்றவாறு திருப்பி வைக்கும் வழக்கம்தான் அருகிவிட்டது.

இன்னொரு செய்தியையும் கருத வேண்டும். கருநாடக இசைப் பயிற்சி மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசையுடன் தொடங்குகிறது. புரந்தரதாசர் வகுத்ததாக மரபு கூறும் அம்முறை நூற்றாண்டுகளாக வித்துவான்களை உருவாக்கி வருவது; அதைக் குறை கூறுவது முறையன்று. எனினும் அதன் முதல் வரிசையே கீழ்ச் சட்சம் முதல் மேல் சட்சம் வரை எட்டுப் படிகளையும் ஏறி இறங்கச் சொல்கிறது. ரிடபம் சட்சத்தை ஒட்டி நிற்கிறது. அதிலிருந்து காந்தாரத்துக்கு நீண்ட தாவல். ஐந்தாறு சுர எல்லையுடைய சிறு குரலுக்கு இது முதல் நாளிலேயே மலையேற்றமாகும். கோடாய் முறையில் முதற்பாடம் இரண்டே சுரங்கள்: பஞ்சமமும் அதிலிருந்து இறங்கும் காந்தாரமும். விளையாட்டில் பிள்ளைகள் ஒருவரையொருவர் இழுத்துக் கூவி அழைக்கும் ஓசை பெரும்பாலும் அதுவே. பிறகு தைவதம், சட்சம், ரிடபம் என ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஐந்து சுரமாகும். அந்த ஐந்தும் எவை? ச, ரி, க, ப, த, அதாவது மோகனம்! பழந்தமிழர் முல்லைத் தீம்பாணி என வழங்கியது இதுவே என்று ஆய்வாளர் கூறுவர். சீன நாட்டுப் பாடல்கள் பலவும் இதே ஐந்து சுரங்களில் நடப்பதால், அடுத்த வீட்டுப் பிள்ளையின் செவிக்கும் இது அயலாக ஒலிக்காது. மோகனத்தில் ஓராண்டு ஈராண்டு பாடிப் பழகிய பின் சரளி வரிசைக்கு வரும் பிள்ளை, அதைச் சுமையாகக் கருதாது. அடுத்து பழம்பஞ்சுரம், தக்கேசி என்று பண்களுக்குள் நுழையவும் செவி பக்குவப்பட்டிருக்கும்.

தாளத்தைப் பற்றி நெடிது கூற வேண்டியதில்லை. வகுப்பில் அடங்காமல் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கும் சிறுவன், உறுமி மேளம் கேட்ட இடத்தில் இமை கொட்டாமல் நிற்பதைப் பெற்றோர் அறிவர். அவனைத் தண்டிப்பதற்கு மாறாக, மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட என்று சொல்லிக் கொடுத்தால், கணக்குப் பாடமும் சற்று இனிக்கக்கூடும்.

மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் இசை ஒரு பாடமாக இடம்பெற்றது, 1983இல் நடைமுறைக்கு வந்த கே.பி.எஸ்.ஆர். பாடத்திட்டத்தின் வழியேயாகும். ஆயினும் ஆறாம் ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது, கணிதத்துக்கும் அறிவியலுக்கும் இடம் கொடுத்து முதலில் ஒதுங்கியது இசை வேளையும் ஓவிய வேளையுமே என்பதைத் தமிழ்ப்பள்ளிகளில் பயின்றோர் மறந்திருக்க மாட்டார். அத்தேர்வாகிய யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆண்டாண்டாகச் சொல்லிவந்த காரணம் போயிற்று. பழக்கம் போயிற்றா என்பதைப் பிள்ளையின் புத்தகப்பையைத் திறந்து, ஓவிய ஏட்டில் எத்தனைப் பக்கங்கள் நிரம்பியுள்ளன என்று பார்த்துப் பெற்றோரே அறிந்துகொள்ளலாம்.

ஓவியத்தின் நிலை இசையினும் இரங்கத்தக்கது. ஆலய விழாக்களில் வண்ணந்தீட்டும் போட்டி தவறாமல் நடைபெறுகிறது. அச்சிட்ட பிள்ளையார் உருவத்தைக் கோடு தாண்டாமல் நிரப்பியவருக்குப் பரிசுக் கோப்பை கிடைக்கிறது. அதில் கையின் பொறுமை வெளிப்படுகிறது. பிள்ளையின் கண் கண்டது வெளிப்படுவதில்லை. படம் வரையச் சொன்னாலோ, இரு மலைகள், நடுவே ஞாயிறு, ஓர் ஆறு, ஒரு தென்னை. கடலையே காணாத பிள்ளையும் படகு வரையும். நாள்தோறும் காணும் அடுக்குமாடியையும் மாரியம்மன் கோவில் வாசலையும் வரையாது. மலையும் ஞாயிறும் யாரோ ஒருவர் கரும்பலகையில் வரைந்து காட்டியவை அல்லவா?

வியன்னா நகரில் பிரான்சு சிசெக் (1865 - 1946) என்னும் ஓவியர், தச்சர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்தபோது அவ்வீட்டுப் பிள்ளைகள் தம் விருப்பம்போல் வரைந்தவற்றைக் கண்டு வியந்தார். 1897இல் சிறுவர்க்கென ஓவிய வகுப்பைத் தொடங்கி, பெரியோரின் படங்களைப் பார்த்து எழுதும் பழக்கத்தை அங்கு விலக்கினார். அப்பிள்ளைகளின் ஓவியங்கள் 1920இல் இலண்டனில் காட்சிக்கு வைக்கப்பெற்றபோது ஆசிரியர் பலர் விழித்துக்கொண்டனர். பின்னர் ஆஸ்திரியாவிலிருந்து அமெரிக்கா சென்ற விக்டர் லோவன்பெல்ட், 1947இல் வெளியிட்ட நூலில் பிள்ளை ஓவியத்தின் வளர்ச்சிப் படிகளை விளக்கினார். வண்ணந்தீட்டும் ஏடுகள் பிள்ளையின் தன்னம்பிக்கையைக் குலைக்கும் என்றும் வாதிட்டார். ஏழு எட்டு வயதில் பிள்ளை தாளின் அடியில் ஒரு கோடிட்டு, அதன்மேல் அனைத்தையும் நிறுத்தும். சுவரை ஊடுருவி வீட்டினுள் இருப்போரைக் காட்டும். தனக்கு முதன்மையானதைப் பெரிதாக வரையும்.

வீட்டை விட அம்மா உயரமாக இருந்தால், "இது தவறு" என்று திருத்தும் பெற்றோர், அப்படியே தலை நிமிர்ந்து இக்கோபுரத்தை நோக்கலாம். நடுவே இறைவன் பேருருவாய் வீற்றிருக்க, அடியவர் சிற்றுருவாய் நிற்கின்றனர். சிற்பி அளவு தெரியாதவர் அல்லர். அவர் கைக்கொண்ட அளவையே அப்பிள்ளையும் கைக்கொண்டது.

ஞாயிறு சமய வகுப்பு இரண்டு மணி நேரம் நடைபெறுவதாகக் கொண்டால், அதில் இருபது நிமிடம் பாட்டுக்கும் இருபது நிமிடம் படத்துக்கும் ஒதுக்குவது இயலாததன்று. பெரும் செலவும் இல்லை. சுருதிப்பெட்டி ஆலயத்தில் இருக்கிறது. அச்சகங்களில் எஞ்சும் வெற்றுத்தாள் சுருளைக் கேட்டால் மறுக்கமாட்டார்கள். கரித்துண்டும் மெழுகுவண்ணமும் கடையில் மலிவாகவே கிடைக்கின்றன. கோலமிட வல்ல பாட்டிமார் ஊரில் இருக்கின்றனர். புள்ளி வைத்துச் சிக்கு எடுக்கும் அவர்தம் விரல்களைவிடச் சிறந்த ஓவிய ஆசிரியரைத் தேடி அலைய வேண்டியதில்லை. போட்டி வைத்தே தீர வேண்டுமெனில், அச்சுப்படத்துக்கு மாறாக வெற்றுத்தாளைத் தந்து, "இன்று விழாவில் நீ கண்டதை வரை" என்று கேட்கலாம். பரிசு பெற்றவை, பெறாதவை என்று பிரிக்காமல் அனைத்தையும் மண்டபச் சுவரில் ஒட்டலாம். தேர்ப் படத்தில் தேரைவிடத் தண்ணீர்ப் பந்தல் பெரிதாக இருந்தால், அப்பிள்ளைக்கு அன்று எவ்வளவு தாகம் எடுத்தது என்பது தெரியவரும்.

பாட்டு வகுப்பில் முதல் ஞாயிறு இரண்டு சுரம் போதும். சுருதியைப் பிள்ளைகளின் குரலுக்கு ஏற்றி வைத்து, கைச்சைகை காட்டும் பொறுப்பைச் சென்ற ஆண்டு பின்வரிசையில் வாயசைத்து நின்ற சிறுவனிடம் ஒப்படைக்கலாம். அவன் கை உயர்ந்தால் அனைவரும் பஞ்சமம் பாடுவர், தாழ்ந்தால் காந்தாரம். நான்கைந்து வாரத்தில், கை காட்டிக்கொண்டே அவனும் பாடத் தொடங்கியிருப்பான்.