போர்க்களம் காணாத காயம்

(சூலை 3, புனித தோமா திருவிழாவையொட்டி வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



இன்று நம் நாட்டுக்கு நற்செய்தி கொண்டுவந்த திருத்தூதர் புனித தோமாவின் திருவிழா. சென்னைக்குச் சென்றவர்கள் பரங்கிமலை ஏறியிருப்பீர்கள். அவர் மறைசாட்சியாக இரத்தம் சிந்திய இடம் என்று மரபு போற்றும் அந்த மலையின் உச்சியில், போர்த்துக்கீசியர் 1523-ஆம் ஆண்டு எழுப்பிய ஆலயம் நிற்கிறது. அதே பரங்கிமலைப் பகுதியில்தான் 1963 முதல் இராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி நிலையமும் இயங்கி வருகிறது. மலைமேல், ஆண்டவரின் காயங்களைக் காண வேண்டும் என்று கேட்ட தோமா. மலையடியில், நாட்டுக்காகக் காயம் ஏற்கவும் துணிந்து ஓடி ஆடிப் பயிலும் பிள்ளைகள். இந்த இரண்டையும் சேர்த்தே இன்று சிந்திப்போம். பயிற்சியின்போதே உடல் முடங்கி, போர்க்களத்தைக் காணாமலே வீடு திரும்பிய வீரர்களை இன்று நம் செபத்தில் நினைவுகூருவோம்.

யோவான் நற்செய்தி இருபதாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். உயிர்த்த ஆண்டவரை மற்றச் சீடர்கள் கண்டுவிட்டார்கள். தோமா அப்போது அங்கே இல்லை. செய்தி கேட்டபின் அவர் என்ன கேட்டார்? ஆண்டவரின் முகத்தைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. இன்னொரு புதுமை செய்யட்டும் என்றும் கேட்கவில்லை. ஆணி அடித்த கைகளையும் குத்தித் திறக்கப்பட்ட விலாவையும்தான் கேட்டார். இதனால் அவரைச் சந்தேகப் பேர்வழி என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். ஆனால் அவர் கேட்டதில் ஓர் ஆழமான அன்பு இருக்கிறது. தழும்பில்லாத ஒருவர் என் ஆண்டவராக இருக்க முடியாது என்று தோமாவுக்குத் தெரிந்திருந்தது.

எட்டு நாள் கழித்து ஆண்டவர் வந்தார். தோமாவைக் கடிந்து ஒதுக்கவில்லை. அருகில் அழைத்துக் காயங்களைக் காட்டினார். சாவையே வென்றவர் அந்தத் தழும்புகளை அழித்துவிட்டு வந்திருக்கலாம். அழிக்கவில்லை. மகிமை பெற்ற உடலிலும் அவை இருந்தன. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

அன்பார்ந்தவர்களே, படையில் அதிகாரியாகப் பயிற்சி பெறும் இளைஞரைக் கேடட் என்கிறோம். பயிற்சி முடிந்து, அணிவகுப்பில் நடந்து, தோளில் நட்சத்திரம் குத்தப்பட்ட பிறகே அவர் அதிகாரி. அதற்குமுன் கயிற்றில் ஏறும்போதோ, தடை தாண்டும்போதோ, குத்துச்சண்டையிலோ, நீச்சல் குளத்திலோ தலையிலும் முதுகெலும்பிலும் அடிபட்டுப் படைக்குத் தகுதியற்றவர் என்று மருத்துவக் குழு அனுப்பிவிட்டால், அவர் முன்னாள் படைவீரர் என்ற கணக்கில் வருவதில்லை. 1985 முதல் ஏறத்தாழ 500 பேர் இப்படி மருத்துவக் காரணங்களால் வெளியே அனுப்பப்பட்டிருக்கிறார்கள் என்று 2025-இல் ஒரு நாளேடு எழுதியது. அப்போது அவர்களுக்கு மாதம் 40,000 ரூபாய் வரை கருணைத் தொகை கிடைத்தது. ஆனால் வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் மருத்துவத்துக்கு அது எட்டவில்லை. அந்தச் செய்தியைக் கண்ட உச்ச நீதிமன்றம், யாரும் மனுப் போடாமலே, 2025 ஆகஸ்டில் அதைத் தானாக வழக்காக எடுத்துக்கொண்டது. நீதியரசர்கள் பி.வி. நாகரத்னா, ஆர். மகாதேவன் ஆகியோர் அரசிடமும் முப்படைகளிடமும் விளக்கம் கேட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள்ளாகவே, முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் இவர்களையும் சேர்க்க அரசு முடிவு செய்தது. நல்ல செய்திதான், இறைவனுக்கு நன்றி சொல்வோம்.

ஆனால் நீதிமன்றம் செய்ய முடியாத ஒன்று இருக்கிறது. நமக்குத் தெரிந்த ஒருவரின் வாழ்க்கையைச் சொன்னால் அது புரியும். தென்மாவட்டத்துக் கிராமம், பேருந்து நடத்துநரின் மகன். வடநாட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில், இறுதி அணிவகுப்புக்குப் பதினோரு வாரம் இருக்கையில், தடை தாண்டும் பயிற்சியில் கயிற்றிலிருந்து விழுந்தார். வயது அப்போது 22. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. இன்று அவருக்கு 38 வயது. தந்தை இறந்துவிட்டார், தாய்தான் துணை.

முதுகுத்தண்டு அடிபட்டவரின் ஒரு நாள் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது. உணர்வில்லாத உடல் ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் வெந்து புண்ணாகும். அந்தப் புண் எலும்புவரை போகும். ஆகவே இரவிலும் சில மணிக்கு ஒருமுறை திரும்பிப் படுக்க வேண்டும். சிறுநீர் தானாகப் பிரியாது. குழாய் வைத்து எடுக்க வேண்டும். கொஞ்சம் கவனம் தவறினால் காய்ச்சல், மருத்துவமனை. பதினாறு ஆண்டுகளாக அந்தத் தாய் ஓர் இரவுகூட முழுதாக உறங்கியதில்லை.

அவர் சோர்ந்து கிடப்பவரல்லர். முன்னறையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். இராணுவத் தேர்வு எழுதும் ஊர்ப் பையன்களுக்கு விண்ணப்பம் நிரப்புவதிலிருந்து நேர்முகத் தேர்வுவரை பயிற்சி கொடுப்பவரும் அவரே. அவரிடம் படித்த சிலர் இன்று எல்லையில் நிற்கிறார்கள்.

ஒரு முதல் வெள்ளியன்று நற்கருணை பெற்றபின் அவர் சொன்னது இது: “சாமி, கால் போனதைப் பழகிக்கிட்டேன். எந்தச் சண்டையில அடிபட்டீங்கன்னு கேக்குறாங்க. சண்டை இல்லைங்க, பயிற்சியிலன்னு சொன்னதும் ஓ, அப்படியான்னு பேச்சை மாத்திடுறாங்க. அதுதான் இன்னும் பழகல.”

நேயர்களே, 1521-ஆம் ஆண்டு பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்த புனித இஞ்ஞாசியாரை நாம் மறப்பதில்லை. குண்டு பட்ட காயத்துக்கு ஒரு கதை இருக்கிறது. கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். கயிறு நழுவி விழுந்த காயத்துக்குக் கதை இல்லை என்று உலகம் நினைக்கிறது. ஆனால் காணிக்கை எப்போது கொடுக்கப்பட்டது? வீட்டைவிட்டுப் புறப்பட்ட அன்றே அந்தப் பிள்ளை தன் உடலை நாட்டுக்கென்று கொடுத்துவிட்டான். எங்கே, எப்போது அது வாங்கிக்கொள்ளப்படும் என்பது அவன் கையில் இல்லை. நம் ஆண்டவரும் முப்பது ஆண்டுகள் நாசரேத்தில் யாரும் அறியாமல் வாழ்ந்தார். அந்த ஆண்டுகள் மீட்பில் சேராதவை என்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை.

அவருடைய ஊரில் ஆகஸ்டு 15 அன்று, அன்னையின் விண்ணேற்புத் திருப்பலி முடிந்து கொடியேற்றும்போது, முன்னாள் படைவீரர்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பொன்னாடை போர்த்துவார்கள். அடையாள அட்டை உள்ளவர்களே பட்டியலில் இருப்பார்கள். ஓர் ஆண்டு அன்பியக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் எழுந்தார். “நான் இருபத்து நாலு வருசம் சர்வீஸ் போட்டேன். ஒரு தோட்டாகூட என்மேல படல. அந்தத் தம்பி ஏறின கயித்துலதான் நானும் ஏறினேன். நான் விழல, அவன் விழுந்துட்டான். அவன் பேரு இல்லாத பட்டியல்ல என் பேரு எதுக்கு?” என்றார். அந்த ஆண்டு முதல் அந்தப் பெயரும் வாசிக்கப்படுகிறது. அரசு அட்டை தருகிறதோ இல்லையோ, ஒரு பங்கு தன் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க யாருடைய ஆணையும் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தோடுதான் சிலர் அந்த வீட்டுக்கு வருகிறார்கள். “வேளாங்கண்ணிக்குப் போனாயா? இன்னும் விசுவாசத்தோடு செபித்தால் எழுந்து நடப்பாய்” என்கிறார்கள். அன்னையின் பரிந்துரையை நாமும் நம்புகிறோம். ஆனால் எழுந்து நடக்காதவருக்கு விசுவாசம் குறைவு என்று பொருள் கொள்ளாதீர்கள். உயிர்த்த ஆண்டவரே தழும்புகளோடு நிற்கும்போது, தழும்போடு வாழும் உடலை விசுவாசத்தின் தோல்வி என்று எப்படிச் சொல்வோம்?

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? மூன்று காரியங்கள்.

முதலாவது, கேளுங்கள். தோமாவைப் போலக் காயத்தைப் பார்க்கத் துணியுங்கள். என்ன நடந்தது என்று கேட்டால், சொல்லி முடிக்கும்வரை இருங்கள். பேச்சை மாற்றாதீர்கள்.

இரண்டாவது, காயப்பட்டவரைக் கவனிப்பவரையும் கவனியுங்கள். வாரம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், அன்பியத்திலிருந்து ஒருவர் அந்த வீட்டில் இருந்தால், அந்தத் தாய் நிம்மதியாகத் திருப்பலிக்கு வரலாம். எனக்குப் பிறகு இவனுக்கு யார் என்பது இப்படிப்பட்ட எல்லாத் தாய்மாரின் செபம். அந்தச் செபத்துக்கு ஆண்டவர் நம்மைக் கொண்டுதான் பதில் சொல்ல நினைக்கிறாரோ, என்னவோ!

மூன்றாவது, நம் கோவில் வாசலைப் பாருங்கள். சக்கர நாற்காலி ஏற, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது சாய்தளம் வேண்டும். நாலு பேர் நாற்காலியோடு தூக்கி வைப்பது உதவிதான். ஆனால் தானே உருட்டிக்கொண்டு தன் ஆண்டவரிடம் வருவது வேறு. பங்குப் பேரவைகள் திருவிழாப் பந்தலுக்குக் கணக்குப் போடும்போது, இந்தப் பன்னிரண்டு அடிக்கும் கணக்குப் போடட்டும்.

அன்று சீடர்கள் கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். ஆண்டவர் அவர்கள் வெளியே வரட்டும் என்று காத்திருக்கவில்லை; பூட்டிய அறைக்குள் தாமே வந்து நின்றார். பூட்டிய அறைகள் நம் தெருக்களிலும் இருக்கின்றன. படுக்கையில் இருந்தபடி இந்த உரையைக் கேட்கும் தம்பியே, தங்கையே, உங்கள் காயத்துக்கு யார் எந்தப் பெயர் வைத்தாலும், அதை அறிந்தவர் ஒருவர் உண்டு. அவர் கைகளிலும் தழும்பு இருக்கிறது.

செபிப்போமாக. காயங்களோடு உயிர்த்த ஆண்டவரே, நாட்டைக் காக்கப் புறப்பட்டு, வழியிலேயே விழுந்த எங்கள் பிள்ளைகளை உம் விலாவோடு சேர்த்து அணைத்துக்கொள்ளும். அவர்களைத் தாங்கும் தாய் தந்தையருக்கும் துணைவருக்கும் உடல் வலிமை தாரும். பரங்கிமலையடியிலும் நாடெங்கும் இன்று பயிற்சி பெறும் இளையோரைக் காத்தருளும். காயத்தைக் கண்டு முகம் திருப்பாத கண்களை எங்களுக்குத் தாரும். புனித தோமாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.