இட்டேரியில் ஒரு வகுப்பறை

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

களப்பயணம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் மிதிவண்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். இரண்டும் எனக்கு ஒன்றுதான் என்பது கடைசியில் உங்களுக்கே புரியும்.

கிராவல் பைக்கிங் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. தார்ச்சாலையை விட்டுவிட்டு, சரளைக்கல்லும் மண்ணும் கிடக்கும் கிராமத்துப் பாதைகளில் ஆற்றுச் சமவெளி, விவசாய நிலம் என்று நெடுந்தூரம் ஓட்டிப் போவது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரில் 2006-இல் தொடங்கிய போட்டியில் 200 மைல், அதாவது 320 கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கொங்குப் பகுதியில் அந்தப் பாதைக்குப் பெயரே உண்டு: இட்டேரி. இருபக்கமும் கிளுவை வேலி, நடுவில் மாட்டுவண்டி போகும் அகலத்தில் மண் தடம். 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. பாதையும் இருக்கிறது, வண்டியும் இருக்கிறது. நாம்தான் கிளம்பவில்லை.

எங்கள் பள்ளி நொய்யலுக்குத் தெற்கே, காங்கேயம் பக்கம். மண் வகைகள், பாசனம், ஆறுகள் என்று 12 ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். கடந்த ஆண்டு ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை 24 மாணவர்களோடு, பெற்றோரின் ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொண்டு, 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கொடுமணலுக்குக் கிளம்பினோம். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் அது. நொய்யலின் வடகரையில் இருக்கிறது. அங்கே நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகள், கல்மணிகள் செய்த தடயங்கள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பழைய வணிகப் பாதை அந்த ஊரைத் தொட்டுப் போனது.

அந்த முதல் பயணம் தோல்வி. மறைக்காமல் சொல்கிறேன். நான்காவது கிலோமீட்டரில் சீமைக் கருவேல முள். அடுத்தடுத்து ஐந்து வண்டிகள் பஞ்சர். ஒட்டுவதற்கு ஒரு பொருளும் நான் எடுத்துப் போகவில்லை. தண்ணீர் தீர்ந்தது. கொடுமணலைப் பார்க்காமலே வண்டிகளைத் தள்ளிக்கொண்டு பகல் ஒன்றரை மணிக்குத் திரும்பினோம். பள்ளி வாசலில் பெற்றோர் நின்றிருந்தார்கள். ஓர் அம்மா என்னிடம், “புள்ளைங்கள நம்பித்தானுங்க சார் அனுப்புனோம்” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

திங்கட்கிழமை ஒரு மாணவன் ஆசிரியர் அறைக்கு வந்தான். வகுப்பில் அதிகம் பேசாதவன், அடிக்கடி விடுப்பு எடுப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் கடையில் வேலை செய்கிறான் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். “சார், மறுபடியும் போலாங்க. எல்லாத்துக்கும் பஞ்சர் ஒட்ட நான் சொல்லித் தர்றனுங்க” என்றான்.

மூன்று நாள் மாலையில் அவன்தான் ஆசிரியர். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பது, உப்புத்தாளால் தேய்ப்பது, சொல்யூஷன் தடவிக் காயவிட்டுப் பேட்ச் ஒட்டுவது என்று வரிசையாகச் செய்து காட்டினான். ஒரு வாக்கியம் இன்னும் நினைவிருக்கிறது: “டயருக்குள்ள முள்ளத் தேடி எடுக்காம டியூப ஒட்டுனா நூறடியில மறுபடியும் போயிருமுங்க சார்.” வகுப்பறைக்கும் பொருந்தும் பேச்சு என்று எனக்குத் தோன்றியது. அதன் பிறகு அவன் விடுப்பு எடுப்பது குறைந்தது. முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்தது.

இரண்டாம் பயணம் மூன்று வாரம் கழித்து. காலை 6.30-க்குக் கிளம்பினோம். இந்த முறை வழி முழுக்கப் பாடம் நடந்தது.

கணக்கு: சக்கரத்தின் சுற்றளவை நூலால் அளந்தார்கள், 2.05 மீட்டர். முன்பல் சக்கரத்தில் 44 பல், பின்பல் சக்கரத்தில் 18 பல். மிதிகட்டை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் பின்சக்கரம் 2.44 முறை சுற்றுகிறது. அப்படியானால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5 மீட்டர். 11 கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று? 2200 என்று நான் சொல்லும் முன்பே பின்னாலிருந்து குரல் வந்தது.

இயற்பியல்: சரளையில் டயர் வழுக்கியது. காற்றைக் கொஞ்சம் குறைத்தபோது டயர் தரையில் அதிக இடத்தைப் பற்றிக்கொண்டு நிலையாக ஓடியது. அதிகம் குறைத்தால் கல்லில் மோதி டியூப் நசுங்கும் என்பதையும் ஒருவன் பட்டறிந்தான்.

புவியியல்: மேற்கே போகும்போது காற்று முகத்தில் அடித்தது. திரும்பும்போது அதே காற்று தள்ளிவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம் பக்கம் வீசுகிறது என்ற வரியை இனி அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நிலம் இன்னொரு பாடம். மேட்டில் ஆழமில்லாத செம்மண், வெங்கச்சாங்கல், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் கொறங்காடு. அதில் காங்கேயம் மாடுகள் மேய்ந்தன. கீழே இறங்க இறங்கக் கிணற்றுப் பாசனத்தில் மஞ்சள், தென்னை. பாடநூலில் மானாவாரி, பாசன நிலம் என்று இருப்பதைப் பிள்ளைகள் காடு, தோட்டம், வயல் என்று மூன்று சொல்லில் பிரித்துச் சொன்னார்கள். வீட்டில் பேசும் சொற்களுக்குள் ஒரு நிலவியல் இருக்கிறது. அதை நாம் கேட்பதே இல்லை.

பிறகு ஆற்றுப் பாலத்துக்கு வந்தோம். நான் இன்று பேச வந்ததே இதற்காகத்தான்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடிக் காவிரியில் சேர்கிறது. சாயக்கழிவால் அது கெட்ட கதை உங்களுக்குத் தெரியும். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கியது. 2011-இல் கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாய ஆலைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இதையெல்லாம் பாலத்தின் மேல் நின்று விளக்கினேன். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். “ஆத்தக் கெடுத்தவங்களச் சும்மா விடக் கூடாதுங்க சார்” என்றான் ஒருவன். அப்போது ஒரு மாணவி மெதுவாகச் சொன்னாள்: “எங்கப்பா சாயப்பட்டறையிலதாங்க சார் வேலை செய்யறாரு.”

யாரும் பேசவில்லை. நானும்தான். மாசுபாடு என்ற பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன்! அந்தப் பாடத்தின் எதிர்ப்பக்கத்தில் என் வகுப்புப் பிள்ளையின் சோற்றுத் தட்டு இருக்கும் என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை. அன்று கொடுமணலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஆனால் என் மனம் பாலத்திலேயே நின்றது.

அடுத்த வாரம் வகுப்பை நான்காகப் பிரித்தேன். ஆலை உரிமையாளர், ஆலைத் தொழிலாளி, அணைக்குக் கீழே உள்ள விவசாயி, ஆற்றோரம் ஆடு மேய்ப்பவர். ஆலை மூடப்பட்டால் உங்களுக்கு என்ன ஆகும், மூடாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதச் சொன்னேன். அந்த மாணவி விவசாயியின் குழுவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இன்னொரு நாள் அவளுடைய அப்பாவை வகுப்புக்கு அழைத்தோம். தயங்கித் தயங்கித்தான் வந்தார். சாயம் துணியில் ஏற உப்புச் சேர்ப்பது, அந்த உப்பே நிலத்தையும் கிணற்றையும் கெடுப்பது, இப்போது சவ்வூடு வடிகட்டி நீரைத் திரும்ப எடுத்து, மிஞ்சியதைக் காய்ச்சி உப்பாக்குவது என்று முக்கால் மணி நேரம் பேசினார். இதற்குச் செலவு அதிகம் என்பதையும் சொன்னார். வேதியியல் ஆசிரியரும் கடைசி வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தார். அந்த மாணவி தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“பாடத்திட்டத்தை எப்போது முடிப்பது?” என்று நீங்கள் கேட்பது நியாயம். பருவத்துக்கு ஒரு சனிக்கிழமை போதும். நான் பட்டுத் தெரிந்துகொண்டவை சில: தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் முன்பே பேசுங்கள். பாதையை முந்தைய வாரம் நீங்களே ஓட்டிப் பாருங்கள். முன்னால் ஓர் ஆசிரியர், கடைசியில் ஓர் ஆசிரியர். மாணவியர் வந்தால் ஆசிரியை ஒருவர் கட்டாயம். தண்ணீர், முதலுதவிப் பெட்டி, காற்றுப் பம்பு, பஞ்சர் பொருள்கள் மறக்கக் கூடாது. நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் இறங்கித் தள்ளிப் போங்கள். வெயிலுக்கு முன் திரும்பிவிடுங்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் வண்டி இல்லாமலே பள்ளிக்குப் பக்கத்து இட்டேரியில் அரைமணி நேரம் நடக்கலாம். வேலியில் என்ன செடி, மண் என்ன நிறம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? மூன்று கேள்வி போதும்.

தாமதிக்க வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. நாங்கள் போன பாதையில் ஓரிடத்தில் கிளுவை வேலியை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டியிருந்தார்கள். அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் போகலாம். இந்தப் பாதைகள் இருக்கும்போதே நம் பிள்ளைகள் அவற்றில் ஒருமுறையாவது ஓட்டிவிட வேண்டும்.