அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுற கடிகாரம்

(பேச்சின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டிருக்கிறது.)

எங்க வீட்டு ஹால் கடிகாரம் எப்பவும் பத்து நிமிஷம் ஃபாஸ்ட். அப்பா வெச்சது. பஸ்ஸை விட்டுடக் கூடாதாம். வீட்ல எல்லாருக்கும் அது ஃபாஸ்ட்னு தெரியும், அதனால மனசுக்குள்ள பத்து நிமிஷத்தைக் கழிச்சுட்டு நிதானமா காபி குடிச்சுட்டுத்தான் கிளம்புவோம். அப்பாவும் அப்படித்தான்.

அமெரிக்காவுல ஒரு கோச் இதே வேலையைப் பார்த்தாரு. அவர் அஞ்சு நிமிஷம்தான் ஃபாஸ்ட்டா வெச்சாரு. ஆனா அங்க யாரும் மனசுக்குள்ள கழிச்சுக்க முடியாது. மீட்டிங் எட்டு மணின்னா ஏழு அம்பத்தஞ்சுக்கு உட்கார்ந்திருக்கணும். ஏழு அம்பத்தேழுக்கு வந்தா லேட். அபராதம். அவர் பேர் டாம் காஃப்லின். இன்னைக்கு எபிசோட் அவரைப் பத்தி. முக்கியமா, ரிட்டயர் ஆக வேண்டிய வயசுல, அவரே ஒரு காலத்துல ஒண்ணுமில்லாததுல இருந்து கட்டின டீமுக்கு பாஸா திரும்பிப் போனாரே, அந்த மூணு வருஷத்தைப் பத்தி.

முதல்ல ஒரு விஷயம். ஃபுட்பால்னு சொன்னதும் மெஸ்ஸி ஞாபகம் வந்திருந்தா அதை அழிச்சுடுங்க. இது அமெரிக்கன் ஃபுட்பால். பேர்தான் ஃபுட்பால், பந்து பெரும்பாலும் கையிலதான் இருக்கும். ஹெல்மெட் போட்டுட்டு ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுத் தள்ளுற ஆட்டம். லீக்ல 32 டீம். ரெண்டாவது, ஃப்ரண்ட் ஆபீஸ். நம்ம ஊர்ல ஃப்ரண்ட் ஆபீஸ்னா ஹோட்டல் ரிசப்ஷன். அங்க அது டீமோட நிர்வாகம். யாரை எடுக்கலாம், யாருக்கு எவ்வளவு சம்பளம், யாரை விக்கலாம், யாருக்கு அபராதம், எல்லாம் அங்கதான். அவங்க வாங்கிக் கொடுத்த மளிகையை வெச்சு கோச் சமைக்கணும்.

1994-ல ஃப்ளோரிடாவுல ஜாக்சன்வில் ஜாக்வார்ஸ்னு ஒரு புது டீம். டீம்னு சொல்றதே அதிகம், அப்போ ஒரு பேரும் ஒரு லோகோவும்தான் இருந்துச்சு. அதுக்கு முதல் தலைமை கோச் காஃப்லின். ஆட்டக்காரங்களைத் தேர்ந்தெடுக்குற அதிகாரமும் அவர் கையில. 1995-ல முதல் சீசன், 16 ஆட்டத்துல 4 தான் ஜெயிச்சாங்க. அடுத்த வருஷமே கான்ஃபரன்ஸ் ஃபைனல், அதாவது சூப்பர் பௌலுக்கு ஒரு படி கீழே. 1999-ல 14 ஜெயிச்சு ரெண்டு தோல்வி. அப்புறம் மெல்ல இறங்கி, 2002 சீசன் முடிஞ்சதும் வேலை போச்சு.

அடுத்து 2004-ல நியூயார்க் ஜயன்ட்ஸ். கடிகாரக் கதை ஊர் முழுக்கத் தெரிஞ்சது இங்கதான். மீட்டிங்குக்கு முன்னாடியே வந்தவங்களுக்கு, போதுமான அளவு முன்னாடி வரலன்னு அபராதம் போட்டாரு. ஆட்டக்காரங்க யூனியன் வழியா புகார் கொடுத்தாங்க. மைக்கேல் ஸ்ட்ரேஹன் மாதிரி பெரிய ஸ்டார்களுக்கே அவர் மேல கடுப்பு. 2006 சீசன் முடிஞ்சப்போ அவர் வேலை நூல்ல தொங்குச்சு.

இங்க கொஞ்சம் நின்னு போகணும். ஏன்னா எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இது. அறுபது வயசான மனுஷன் மாறினாரு. அறுபதுல யாருங்க மாறுறாங்க? மூத்த ஆட்டக்காரங்களை வெச்சு ஒரு குழு அமைச்சு, அவங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேட்டாரு. 2007 பயிற்சி முகாம்ல ஒரு நாள் வேலையை ரத்து பண்ணிட்டு மொத்த டீமையும் பௌலிங் ஆடக் கூட்டிட்டுப் போனாரு. நூத்தம்பது கிலோ ஆளுங்க, வாடகை ஷூ போட்டுட்டு பௌலிங்! கடிகாரம் அப்பவும் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்தான், அதுல கை வைக்கல. ஆனா அந்தக் கடிகாரத்துக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்காருன்னு ஆட்டக்காரங்களுக்குத் தெரிஞ்சுது. அந்த சீசன் எங்க போய் முடிஞ்சுதுன்னா, 2008 பிப்ரவரியில சூப்பர் பௌல். எதிர்ல அதுவரைக்கும் 18 ஆட்டமும் ஜெயிச்சு ஒண்ணுகூடத் தோக்காத நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். ஜயன்ட்ஸ் 17-14-னு ஜெயிச்சாங்க. நாலு வருஷம் கழிச்சு அதே பேட்ரியட்ஸை மறுபடி சூப்பர் பௌல்ல 21-17.

இன்னொண்ணும் சொல்லிடறேன். இவர் வெறும் சிடுமூஞ்சின்னு நினைச்சுட்டா தப்பாயிடும். இதுக்கெல்லாம் முன்னாடி பாஸ்டன் காலேஜ்ல கோச்சா இருந்தப்போ ஜே மெக்கில்லிஸ்னு ஒரு மாணவர் அவர்கிட்ட ஆடினாரு. லுகீமியாவுல 1992-ல இறந்துட்டாரு. அந்தப் பையன் பேர்ல காஃப்லின் 1996-ல ஒரு அறக்கட்டளை தொடங்கினாரு. புற்றுநோய் வந்த குழந்தைங்களோட குடும்பங்களுக்கு உதவுறாங்க. இன்னைக்கும் நடக்குது.

ஜயன்ட்ஸ்ல கடைசி மூணு சீசன் சரியில்ல. 2016 ஜனவரியில விலகிட்டாரு. அப்போ அவருக்கு 69 வயசு. கதை அங்க முடிஞ்சிருந்தா யாரும் குறை சொல்லிருக்க மாட்டாங்க.

அந்த வருஷம் ஜாக்வார்ஸ் 3 ஜெயிச்சு 13 தோத்தாங்க. முதலாளி ஷாத் கான், பாகிஸ்தான்ல பிறந்து அமெரிக்கா போய் கார் உதிரி பாகங்கள்ல கோடீஸ்வரர் ஆனவர். 2017 ஜனவரியில அவர் காஃப்லினைத் திரும்பக் கூப்பிட்டாரு, கோச்சா இல்ல. எக்ஸிக்யூட்டிவ் வைஸ் பிரசிடென்ட், ஃபுட்பால் ஆபரேஷன்ஸ். கோச் டக் மரோன், ஜெனரல் மேனேஜர் டேவ் கால்ட்வெல், ரெண்டு பேருக்கும் மேல இவர். தாத்தா கட்டின வீடு பாழாக் கிடக்கு, சாவியைத் தாத்தா கையிலேயே கொடுத்த மாதிரி.

முதல் வருஷம்? 10-6. 1999-க்கு அப்புறம் முதல் டிவிஷன் பட்டம். பிளேஆஃப்ல பிட்ஸ்பர்க்ல போய் ஸ்டீலர்ஸை 45-42-னு அடிச்சாங்க. அப்புறம் கான்ஃபரன்ஸ் ஃபைனல். மறுபடி அதே பேட்ரியட்ஸ், அவங்க ஊர்ல. நாலாவது குவார்ட்டர்ல ஜாக்வார்ஸ் 20-10 முன்னிலை. மைல்ஸ் ஜாக் எதிராளி கையில இருந்து பந்தைப் பிடுங்கிட்டு எழுந்தாரு. முன்னாடி ஆளே இல்லாத மைதானம். விசில் ஊதிட்டாங்க, ஆட்டம் நின்னுடுச்சு. பந்து கிடைச்சுது, ஓட விடல. அவர் கீழே விழவே இல்லன்னு ஜாக்சன்வில் ரசிகர்கள் இன்னைக்கும் டி-ஷர்ட் போட்டுட்டுத் திரியறாங்க. 24-20, தோல்வி. இருந்தாலும் ஊரே கொண்டாடுச்சு. கிழவர் வந்தாரு, ஒழுங்கு வந்துச்சு, டீம் ஜெயிச்சுதுன்னு ஒரு கணக்கு எல்லார் மனசுலயும் பதிஞ்சுடுச்சு.

என்னைக் கேட்டா, வினை அந்தக் கணக்குலதான் ஆரம்பிச்சுது.

ஏன்னா அந்த வருஷம் ஜெயிக்க வெச்சது பெரும்பாலும் டிஃபென்ஸ். பந்து எறியற குவார்ட்டர்பேக் பிளேக் போர்ட்டில்ஸ் சுமார்தான். ஆனா ஜெயிச்ச சந்தோஷத்துல 2018 பிப்ரவரியில அவருக்கு மூணு வருஷத்துக்கு 5.4 கோடி டாலர் ஒப்பந்தம். அந்த சீசன்ல முதல் நாலு ஆட்டத்துல மூணு ஜெயிச்சாங்க, அப்புறம் வரிசையா ஏழு தோல்வி. கடைசியில 5-11. ஒரே வருஷத்துல போர்ட்டில்ஸை விடுவிச்சுட்டு நிக் ஃபோல்ஸை 8.8 கோடி டாலருக்கு எடுத்தாங்க. அவருக்கு முதல் ஆட்டத்துலயே காறை எலும்பு உடைஞ்சுது. அது யார் தப்பும் இல்ல.

டீம் தோக்கத் தோக்க, மேல இருந்து வர்ற அறிக்கைகள் கடுமையாச்சு. 2018 கடைசி ஆட்டத்துல ஆடாம பெஞ்சுல இருந்த ரெண்டு ரன்னிங் பேக், லெனர்ட் ஃபோர்னெட்டும் டி.ஜே. யெல்டனும், ஆட்டத்தையே கண்டுக்காம இருந்தாங்கன்னு காஃப்லின் அன்னைக்கே பகிரங்கமா கண்டிச்சு அறிக்கை விட்டாரு. ஃபோர்னெட் இவங்க நிர்வாகமே 2017-ல முதல் சுற்றுல எடுத்த பையன். 2019 ஏப்ரல்ல, ‘விருப்பம் இருந்தா வரலாம்’ வகைப் பயிற்சிக்கு சிலர் வரலன்னு பொது மேடையிலயே குத்திக் காட்டினாரு. விருப்பம்னா விருப்பம்தானேன்னு யூனியன் பதில் சொல்லுச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ‘ஆப்ஷனல்’னு போட்டு மீட்டிங் இன்வைட் வாங்கின யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்ல.

அந்த அக்டோபர்ல டீமோட சிறந்த ஆட்டக்காரர்னு சொல்லக்கூடிய ஜேலன் ராம்ஸி, என்னை வித்துடுங்கன்னு கேட்டு ராம்ஸ் டீமுக்குப் போயிட்டாரு. டிவியில நாம பார்த்தது அவர் கோச்சோட போட்ட சண்டை. ஆனா தன்னை நோகடிச்சது ஆட்டத்துக்கு அப்புறம் நிர்வாகத்துல பேசின விதம்னு அவரே ஒரு பாட்காஸ்ட்ல சொன்னாரு.

கடைசி அடி டான்டே ஃபவ்லர் விஷயம். சீசன் இல்லாத மாசங்கள்ல, காயத்துக்கான சிகிச்சையை டீம் இடத்துலதான் எடுக்கணும்னு கட்டாயப்படுத்தி, வராத ஒவ்வொரு தடவைக்கும் அபராதம். மொத்தம் 7 லட்சம் டாலருக்கு மேல. அப்படிக் கட்டாயப்படுத்த ஒப்பந்தத்துல இடமே இல்லன்னு நடுவர் தீர்ப்பு சொல்லிட்டாரு. 2019 டிசம்பர் 16-ஆம் தேதி யூனியன் எல்லா ஆட்டக்காரங்களுக்கும் ஒரு தகவல் அனுப்புச்சு. கடந்த ரெண்டு வருஷத்துல லீக் முழுக்க ஆட்டக்காரங்க கொடுத்த புகார்கள்ல 25 சதவீதத்துக்கு மேல ஜாக்வார்ஸ் மேலதான், அடுத்த டீமைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மனசுல வெச்சுக்கோங்கன்னு. 32 டீம்ல ஒரே டீம் மேல கால்வாசி! டிசம்பர் 18, காஃப்லினை வேலையை விட்டு அனுப்பினாங்க. சீசன் முடிஞ்சதும் செய்யலாம்னு இருந்தேன், இப்போ மனசு மாறிட்டேன்னு ஷாத் கான் சொன்னாரு. ரெண்டு வாரம்தான் பாக்கி இருந்துச்சு. அதுக்குக்கூட காத்திருக்கல.

சரி, 2007-ல அவ்வளவு மாறின மனுஷன் 2019-ல ஏன் இப்படி? வயசாச்சு, பழைய குணம் போகாதுன்னு ஈஸியா சொல்லிடலாம். எனக்கு அது போதல.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல, பேர் வேண்டாம், ஒரு டீம் லீட் இருந்தாரு. பயங்கரமா கத்துவாரு. ராத்திரி பதினோரு மணிக்கு ரிலீஸ் போயிட்டிருக்கும்போது ‘இதுகூடத் தெரியாதா’ன்னு திட்டுவாரு, அப்புறம் அவரே கீழ போய் பரோட்டா வாங்கிட்டு வந்து நமக்குப் பிரிச்சு வைப்பாரு. திட்டு வாங்கினது யாருக்கும் ஞாபகம் இருக்காது. பிரமோஷன் ஆகி ஏழாவது மாடிக்குப் போனாரு. அதுக்கப்புறம் அவர்கிட்ட இருந்து எங்களுக்கு வந்ததெல்லாம் மெயில்தான். ‘ஜென்டில் ரிமைண்டர்’. கத்தவே மாட்டாரு. ஆறு மாசத்துல நாலு பேர் பேப்பர் போட்டோம். அதே ஆள்தான். பரோட்டா ஏழாவது மாடியில இருந்து கீழ வரல, அவ்வளவுதான்.

கோச்சா இருக்கும்போது காஃப்லின் அபராதம் போட்ட பையன் முகத்தை மறுநாள் காலையில மைதானத்துல பார்த்தாகணும். அந்தப் பையன் அவரை முறைப்பான். இவர் அதைப் பார்ப்பாரு. பௌலிங் போகலாம்னு தோணினது அந்த முறைப்புனாலதான்னு நான் நினைக்கிறேன். ஆபீஸுக்குப் போனதும் தினம் முறைக்கிற முகம் மரோனுக்குப் போச்சு. இவர்கிட்ட மிஞ்சினது சட்டதிட்டமும் லெட்டர்ஹெட்டும். அதுவும் சொந்த டீம்ங்கறதால, ‘இங்க எப்படி ஜெயிக்கணும்னு எனக்குத் தெரியும், நான்தானே கட்டினேன்’ங்கற நினைப்பு வேற. 1996 ஜாக்சன்வில்லைத்தான் அவர் திரும்பப் பிடிக்கப் பார்த்தாருன்னு தோணுது. அந்த டீம்ல இருந்தவங்களுக்குப் பிடிவாதமான கோச் ஒருத்தர் இருந்தாரு. 2019 பசங்களுக்கு ஃபைன் நோட்டீஸ் மட்டும்தான்.

ஆனா அவரை முழுசா கரிச்சுக் கொட்டவும் எனக்கு மனசு வரல. அந்த மூணு வருஷத்துல அந்த ஊர் பார்த்த ஒரே நல்ல சீசன் அவர் காலத்துலதான். அவர் போன அடுத்த வருஷம் டீம் 1-15.

2024 அக்டோபர்ல ஜாக்வார்ஸ் தங்களோட மரியாதைப் பட்டியல்ல காஃப்லின் பேரைச் சேர்த்து, மைதானத்துல வெச்சு கௌரவிச்சாங்க. அதே ஷாத் கான்தான் முதலாளி. கூட்டம் எழுந்து நின்னு கைதட்டுனது கோச் காஃப்லினுக்குத்தான்.

1995-ல அவர் முதல் டிராஃப்ட்ல முதல் ஆளா எடுத்த பையன் டோனி போசெல்லி. பெரிய ஆளாகி, 2022-ல ஹால் ஆஃப் ஃபேமுக்கும் போனாரு. 2025 தொடக்கத்துல அவரை ஜாக்வார்ஸ் வேலைக்கு எடுத்தாங்க. என்ன வேலைன்னு நினைக்கிறீங்க? எக்ஸிக்யூட்டிவ் வைஸ் பிரசிடென்ட், ஃபுட்பால் ஆபரேஷன்ஸ். அவர் ரூம்ல கடிகாரம் எத்தனை மணி காட்டுதுன்னு யாராவது போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.