பழைய வில்லையும் புதிய கமெராவும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் இரு கரைகளுக்கும் அப்பகுதி மக்கள் எழுவான்கரை, படுவான்கரை என்று பெயரிட்டிருக்கின்றனர். ஞாயிறு எழும் திசையிலே, கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் நிலம் எழுவான்கரை. ஞாயிறு படும் திசையிலே, வயலும் குளமும் காடுமாக விரிந்து செல்லும் நிலம் படுவான்கரை. ஒளி வரும் திசையையும் ஒளி மறையும் திசையையும் கொண்டு தம் நிலத்துக்குப் பெயரிட்ட மக்களிடையே ஒளிப்படக் கலையைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. ஆயினும் இன்றைய பேச்சின் பொருள் அக்கலையின் அழகு பற்றியதன்று. பல வீடுகளின் அலுமாரிகளிலே மறந்து கிடக்கும் ஒரு சிறு கருவி இன்றும் தரக்கூடிய பயன் பற்றியது.

நேயர்களே! பிலிம் சுருள் இட்டுப் படமெடுத்த காலத்திலே ஒரு கமெரா வாங்குவதென்பது ஒரு குடும்பத்துக்குப் பெரிய காரியம். தந்தையாரோ தாய்மாமனோ வெளிநாட்டில் உழைத்துக் கொண்டுவந்த கமெரா, திருமண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டுமே வெளியே எடுக்கப்படும். பின்னர் பிலிம் சுருள் அரிதாயிற்று. கைப்பேசியே படமெடுக்கத் தொடங்கிற்று. அந்தக் கமெரா தோலுறையோடு அலுமாரிக்குள் போயிற்று. இன்று அதனை எடுத்துப் பார்க்கும் பேரன் அதனைப் பயனற்ற பழைய சாமான் என்று எண்ணுகின்றான்.

அவன் எண்ணம் பாதி சரி, பாதி பிழை. கமெரா என்பது இரண்டு பகுதிகளின் கூட்டு. ஒன்று பெட்டி, மற்றொன்று அதன் முன்னே உள்ள வில்லை. ஒளியைப் பதிவுசெய்யும் வேலை பெட்டியினுடையது. அந்த வேலை செய்யும் முறை முற்றாக மாறிவிட்டபடியால் பழைய பெட்டிக்கு இன்று வேலை குறைவு. ஆனால் ஒளியைக் குவிக்கும் வேலை வில்லையினுடையது. கண்ணாடியிலே புகும் ஒளி 1965 ஆம் ஆண்டில் எவ்வாறு வளைந்ததோ அவ்வாறே இன்றும் வளைகின்றது. பூஞ்சணம் பிடியாது, கீறல் விழாது காக்கப்பட்ட ஒரு வில்லை, செய்த நாளிலே காட்டிய தெளிவை இன்றும் காட்டும்.

அங்ஙனமாயின் பழைய வில்லையைப் புதிய பெட்டியிலே பொருத்த முடியுமா? முடியும். எவ்வாறு முடிகின்றது என்பதை அறிய, பெட்டியின் உள்ளமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

சென்ற நூற்றாண்டின் பிற்பாதியிலே பெரிதும் வழங்கியது எஸ்.எல்.ஆர். என்னும் வகை. இவ்வகைக் கமெராவில் வில்லைக்கும் பிலிமுக்கும் இடையே ஓர் ஆடி சாய்வாக நிற்கும். வில்லை வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பிப் படமெடுப்பவரின் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தும்போது அந்த ஆடி மேலெழுந்து ஒளிக்கு வழிவிடும். ஆடி நிற்பதற்கும் எழுவதற்கும் இடம் வேண்டுமாதலின், வில்லையைப் பொருத்தும் விளிம்புக்கும் பிலிமுக்கும் இடையே நாலரைச் சதம மீற்றர் அளவான வெளி விடப்பட்டது. 1959 ஆம் ஆண்டு வெளிவந்த நிக்கோன் எப் கமெராவில் இந்த வெளி 46.5 மில்லிமீற்றர். 1949 ஆம் ஆண்டு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து வெளிவந்து, பின்னர் பென்டாக்ஸ், பிராக்டிக்கா, செனிட் முதலிய கமெராக்களில் வழங்கிய 42 மில்லிமீற்றர் திருகு முறையில் அது ஏறத்தாழ 45.5 மில்லிமீற்றர்.

2008 ஆம் ஆண்டில் பெனசோனிக் நிறுவனம் வில்லையை மாற்றக்கூடிய, ஆனால் ஆடி இல்லாத ஒரு கமெராவை வெளியிட்டது. மிரர்லெஸ் என்று இன்று கடைகளிலே வழங்கும் வகை இதுவே. இதிலே ஒளியுணர் தகடு காணும் காட்சியே மின்திரையிலே தோன்றுவதால் ஆடிக்கு வேலையில்லை. ஆடி போகவே அதற்கு விட்ட வெளியும் வேண்டாததாயிற்று. 2010 ஆம் ஆண்டு வந்த சோனி கமெராவில் அவ்வெளி 18 மில்லிமீற்றராகச் சுருங்கிற்று. 2018 ஆம் ஆண்டு வந்த நிக்கோன் இசட் வகையில் 16, கனன் ஆர் வகையில் 20 மில்லிமீற்றர் ஆயிற்று.

பழைய வில்லைக்கு வாழ்வு கொடுத்தது இந்தச் சுருக்கமே. 45.5 மில்லிமீற்றர் தூரத்துக்கென்று செய்யப்பட்ட வில்லையை 18 மில்லிமீற்றர் வெளியுள்ள பெட்டியிலே வைக்கும்போது எஞ்சியிருப்பது 27.5 மில்லிமீற்றர். அந்த அளவு தடிப்புள்ள ஓர் உலோக வளையத்தை இடையிலே வைத்தால் கணக்குச் சரியாகிவிடும். அடப்டர் என்று கூறப்படும் இணைப்பு வளையம் இதுதான். ஒரு பக்கம் பழைய வில்லைக்குரிய திருகு. மறுபக்கம் புதிய பெட்டிக்குரிய பிடி. நடுவிலே வெறும் வெளி. கண்ணாடியும் இல்லை, மின்கலமும் இல்லை. ஆதலின் புதிய வில்லை ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை மிகச் சிறிது.

இடையிலே வெளி மிஞ்சாவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. கனன் நிறுவனம் 1971 முதல் வழங்கிய எப்.டி. வில்லைகள் 42 மில்லிமீற்றர் தூரத்துக்குச் செய்யப்பட்டவை. 1987 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தன் முறையை மாற்றி 44 மில்லிமீற்றர் ஆக்கிற்று. இரண்டே மில்லிமீற்றர்தான் கூடிற்று. ஆனால் பழைய 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்றைப் புதிய பெட்டியிலே தடிப்பே இல்லாத வளையத்தால் பொருத்தினாலும், ஏறத்தாழ 1.3 மீற்றருக்கு அப்பால் உள்ள எதுவும் தெளிவாக விழாது. இடையிலே திருத்தும் கண்ணாடி வைத்தாலன்றி அவ்வில்லைகளால் தூரத்தைக் காண முடியாதாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவை மலிவாக விலைபோயின. ஆடியற்ற கமெரா வந்த பின்னரே அவற்றுக்கு மீண்டும் மதிப்பு உண்டாயிற்று.

இதனால் வளையத்தின் அளவு எத்துணை நுட்பமானது என்பதும் விளங்கும். மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு அது தடித்துவிட்டால், 50 மில்லிமீற்றர் வில்லை ஏறத்தாழ 25 மீற்றருக்கு அப்பாலுள்ளதைத் தெளிவாகக் காட்டாது. அத்தகைய வளையத்தோடு கல்லடிப் பாலத்தருகே நின்று படமெடுத்தால் அக்கரைத் தென்னைகள் மங்கலாகவே விழும். வளையம் சிறிது மெலிந்திருந்தால் தீங்கு குறைவு. வில்லையிலே பொறித்த தூர எண்கள் மட்டும் பொய்யாகும். திரையைப் பார்த்துத் திருப்புவோருக்கு அதனால் இடர் இல்லை. ஆகவே வளையம் வாங்குவோர் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுண்டு. தூரத்திலுள்ள ஒரு கோபுரத்தையோ மரத்தையோ நோக்கி, அதன் விளிம்பு தெளிவாக விழுகின்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய கருவி ஒன்று அளவு அறியப்பட்டபோது மீண்டும் உயிர்பெறும் என்பது மட்டக்களப்பு நாட்டுக்குப் புதிய செய்தியன்று. 1892 ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்துபோன யாழின் நரம்புகளையும் சுருதிகளையும் கணக்கிட்டு ஆராய்ந்து, 1947 ஆம் ஆண்டில் யாழ்நூலை அரங்கேற்றினார். பழமையைப் போற்றுவதோடு அமையாது அதன் அளவையும் அறிதல் வேண்டும் என்பதை அவர் உழைப்பு கற்பிக்கின்றது.

இனி, பொருத்திய வில்லையைக் கையாளும் முறை. பழைய வில்லை பெட்டியோடு பேசாது. வில்லை இருப்பதையே பெட்டி அறியாது. ஆதலின் வில்லை இல்லாதபோதும் படமெடுக்க அனுமதிக்கும் தெரிவைக் கமெராவின் பட்டியலிலே முதலில் இயக்கிவைக்க வேண்டும். துவாரத்தின் அளவை வில்லையிலுள்ள வளையத்தைத் திருப்பியே அமைக்க வேண்டும். அதற்கேற்ற நேரத்தைப் பெட்டி தானே கணித்துக்கொள்ளும். குவியத்தையும் கையாலேயே திருப்ப வேண்டும். இங்கே புதிய பெட்டி பெருந்துணை புரிகின்றது. காட்சியின் ஒரு சிறு பகுதியைத் திரையிலே பலமடங்கு பெருப்பித்துக் காட்டும். தெளிவாக விழுந்த விளிம்புகளை நிறக்கோட்டினாலும் குறித்துக் காட்டும். கண்பார்வை குறைந்த முதியவருங்கூட இவற்றின் உதவியால் நுட்பமாகக் குவியம் கூட்டலாம். எந்த வில்லை, எந்தத் துவாரம் என்பவை படத்தோடு பதிவாகாதபடியால் அவற்றை ஒரு குறிப்பேட்டிலே எழுதிவரும் மாணவன் விரைவிலே தொழில் கற்பான்.

இதனால் வரும் பயனை ஓர் உதாரணத்தாற் காட்டலாம். வடமோடி, தென்மோடிக் கூத்துகள் இரவிலே களரியில் ஆடப்படுபவை. வெளிச்சம் குறைவு, ஆட்டமோ விரைவு. புதிய கமெராவோடு மலிவாக வரும் வில்லை 50 மில்லிமீற்றர் நிலையிலே 5.6 என்னும் துவாரத்துக்கு மேல் திறவாது. பழைய கமெராக்களோடு சாதாரணமாக வந்த 50 மில்லிமீற்றர் வில்லை 1.8 வரை திறக்கும். கணக்கிட்டால் அது ஏறத்தாழ பத்துமடங்கு ஒளியை உள்ளே விடுகின்றது. மலிவான வில்லையிலே கலங்கிய நிழலாக விழும் அண்ணாவியாரின் முகம், பழைய வில்லையிலே முகமாகவே விழும்.

ஆயினும் மிகைப்படக் கூறுதல் தகாது. பறக்கும் கொக்கையும் ஓடும் பிள்ளையையும் தொடர்ந்து படமெடுக்கத் தானியங்கிக் குவியமுள்ள புதிய வில்லையே ஏற்றது. பழைய வில்லைகளின் மேற்பூச்சு எளியது. மாலையிலே படுவான்கரைப் பக்கம் சூரியனை எதிர்நோக்கி எடுத்தால் படம் வெளிறும். முகப்பிலே நிழல்மறைப்பு மாட்டினால் ஓரளவு தடுக்கலாம். ஒளியுணர் தகடு 36க்கு 24 மில்லிமீற்றர் அளவினதாயின் வில்லையின் முழுப் பார்வையும் கிடைக்கும். சிறிய தகடுள்ள கமெராக்களிலே 50 மில்லிமீற்றர் வில்லை 75 மில்லிமீற்றர் வில்லைபோல ஒடுங்கிய பார்வையைத் தரும். முகப்படத்துக்கு அது நன்று. சிறிய அறைக்குள் இடர்தரும். சில வில்லைகளின் பின்புறம் நீண்டு உட்புறத்தைத் தொடக்கூடும்; பார்த்தே பொருத்த வேண்டும். பாரமான வில்லையாயின் கையால் தாங்க வேண்டியது வில்லையையே. பெட்டியை மட்டும் பிடித்தால் பாரமெல்லாம் வளையத்தின் மேல் விழும்.

வாவிக் கரையிலே வில்லைக்குப் பெரும் பகை ஈரம். வடகீழ்ப் பருவமழைக் காலத்திலே மூடிய அலுமாரிக்குள் கிடக்கும் வில்லையில் பூஞ்சணம் சிலந்தி நூல்போலப் படரும். நாளடைவில் அது மேற்பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும். உப்புக்காற்றோ திருகுகளை இறுக்கிவிடும். துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்புறமிருந்து கைவிளக்கொளியைச் செலுத்திப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரியும். தூசி சிறிது இருப்பதால் கெடுதியில்லை. நூல்போன்ற படர்ச்சி கண்டால் அறிந்தவரிடம் கொடுத்துத் துப்புரவு செய்விக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் தோலுறையைவிட, சிலிக்கா ஜெல் பொதி இட்ட காற்றுப்புகாப் பெட்டியே நல்ல காப்பு. அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது அதனினும் நல்ல காப்பு.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்போர் இருக்கலாம். 2022 ஆம் ஆண்டிலே ஓர் அமெரிக்க டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு உயர்ந்தது. இறக்குமதியாகும் புதிய வில்லை ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளைக்கோ விவசாயி வீட்டுப் பிள்ளைக்கோ எட்டாத பொருளாயிற்று. இரவலாகவோ பழையதாகவோ ஒரு பெட்டி கிடைத்து, வீட்டிலே ஒரு பழைய வில்லையும் இருந்தால், அப்பிள்ளை தொழில் கற்க வழி உண்டு.

அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. 1978 ஆம் ஆண்டு நவம்பர் மாதச் சூறாவளி மட்டக்களப்பை அழித்தது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கல்லடியிலும் நாவலடியிலும் வீடுகளை வாரிச் சென்றது. இடையிலே நீண்ட போர். வீடு போனபோது சுவரிலிருந்த படமும் போயிற்று. இறந்தோரின் முகத்தைக் காட்ட ஒரு படமும் எஞ்சாத குடும்பங்கள் அக்கரையிலே உண்டு. அழிவினால் மட்டுமன்றி ஆக்கத்தினாலும் காட்சிகள் மறைகின்றன. 2014 ஆம் ஆண்டு மண்முனையிலே பாலம் திறக்கப்பட்டது, மக்கள் மகிழ்ந்தனர். அத்துறையிலே மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிச் சென்ற பாதை என்னும் மிதவைக்கு வேலை ஒழிந்தது. இன்று பிறக்கும் பிள்ளைக்கு அதனைக் காட்டப் படம் ஒன்றே வழி.

இன்று உள்ளவற்றுள் நாளை எது மறையும் என்று எவரும் கூற முடியாது. வலை பின்னும் முதியவர், களரியில் ஆடும் கூத்தர், வைகாசிச் சடங்கிலே கண்ணகையம்மன் கோயில் முற்றம், வீட்டுத் திண்ணையிலிருக்கும் பாட்டியார் ஆகிய யாவரும் படமாக வேண்டியவர்களே. அதற்கு வேண்டிய கருவியிற் பாதி பல வீடுகளிலே முன்னரே இருக்கின்றது. அலுமாரியைத் திறந்து, தோலுறையைக் கழற்றி, வில்லையினூடே ஒளி செல்கின்றதா என்று பார்க்க வேண்டியது ஒன்றே முதல் வேலை. ஒளி செல்லுமாயின் ஒரு வளையத்தைத் தேடுவது இரண்டாம் வேலை.